வேளைக்கீரையும் பாயில்லாப் படுக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் புறநானூற்றின் 246-ஆம் பாட்டை உரையோடு வெளியிட்டிருந்தீர்கள். பாண்டிய மன்னன் பூதப்பாண்டியன் இறந்ததும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்குமுன் பாடியது. உரை எழுதியவர் கற்பின் பெருமை என்று முடித்துவிட்டார். பி.ஏ. தமிழில் எங்களுக்கும் அப்படித்தான் நடத்தினார்கள். பரீட்சையில் நானும் அதையேதான் எழுதினேன்.

இந்த முறை நடு வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை. தடுக்க வந்த சான்றோரிடம், கைம்பெண்ணாக உயிரோடு இருந்தால் எதைத் தின்பேன், எதில் படுப்பேன் என்று அவள் சொல்கிறாள். வெள்ளரி விதை போல வெளுத்த நெய்யைத் தொடக்கூடாது. நீர் பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. ஓர் அரசி இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்கிறாள் என்றால், அப்படிக் கிடந்த எத்தனை பெண்களைப் பார்த்திருப்பாள்! தீயும் தாமரைப் பொய்கையும் எனக்கு ஒன்றுதான் என்று அவள் பாட்டை முடிப்பதற்கு அன்பு மட்டுமே காரணம் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

அப்பா 1984-இல் தவறியபோது அம்மாவுக்கு 29 வயது. அம்மா நெய் விட்டுச் சாப்பிட்டாள், பாயில்தான் படுத்தாள். ஆனால் 1999-இல் என் கல்யாணத்தன்று தாலித் தட்டு ஆசி வாங்க எல்லோரிடமும் போனது, அம்மாவிடம் போகவில்லை. அவள் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கேட்டதும் துருவலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாளாம், சித்தி சொன்னாள். அப்புறம் நான் போய்க் காலில் விழுந்தபோது கையெல்லாம் தேங்காய்ப் பூ. அதைத் துடைத்துக்கொண்டே, என் தலையில் கை வைக்காமலே "நல்லா இரு" என்றாள்.

பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023-இல் ஈரோடு மாவட்டத்தில், கணவரை இழந்தவர் என்பதற்காகக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்தப் பாட்டை நடத்தும் ஆசிரியர்கள் தயவுசெய்து அந்த வேளைக்கீரை வரியில் கொஞ்சம் நில்லுங்கள்.

வரும் தையில் என் மகளுக்குக் கல்யாணம். தாலித் தட்டு முதலில் அம்மாவிடம்தான் போகும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். அவர்கள் சரி என்றுவிட்டார்கள். அம்மாதான் "புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்கரன்கோவில்