கடைவாய்ப் பல் எடுக்கும் முன்

தேவகோட்டை

அன்புள்ள வள்ளியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டாய் என்றால் பாதிக் கல்யாண வேலை முடிந்த மாதிரிதான். இனி, மகனின் ஞானப்பல்லை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

ஞானப்பல், அதாவது கடைசிக் கடைவாய்ப் பல், என்றாலே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற பல்லை விட்டுவிடலாம். உன் மகனுக்கோ பாதிப் பல்லை ஈறு மூடியிருக்கிறது. அதனடியில் சோறு சிக்கிச் சீழ் வைக்கிறது. அது திரும்பத் திரும்ப வரும், எடுத்துவிடு. ஆனால் முதலில் வீக்கம் வடியட்டும். சீழ் உள்ள இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது.

இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே இல்லாமல் கை வைக்க விடாதே. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைப் பல்வேர் தொட்டுக்கொண்டிருந்தால், எடுத்தபின் கீழுதடு மரத்தே நிற்கக்கூடும். சந்தேகமாக இருந்தால், முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் கேள்.

ஈறைக் கீறி விலக்கி, மேலே மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் குடைவார்கள். குடையும் சூட்டில் எலும்பு செத்துவிடாமலிருக்க சலைன் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி நெம்பி எடுத்துத் தையல் போடுவார்கள். வலி தெரியாது, அழுத்தமும் சத்தமும் தெரியும். அதற்குப் பயப்படாமலிருக்கச் சொல்.

பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே எலும்புக்கு மூடி. அதைக் காப்பதுதான் முதல் மூன்று நாள் வேலை. வைத்த பஞ்சை மெல்லாமல், பேசாமல், அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். பிறகும் கசிந்தால் புதுப் பஞ்சு வைத்து இன்னொரு அரைமணி. துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது. இளநீர்க் கடையில் ஸ்ட்ரா போட்டுத்தான் நீட்டுவார்கள். வீட்டில் டம்ளரில் ஊற்றிக் குடிக்கட்டும். சிகரெட் பழக்கம் இருந்தால், உனக்குத் தெரியாமல் இருந்தாலும், அறவே நிறுத்தச் சொல். மரப்பு விடுவதற்குள் முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். முதல் நாள் கன்னத்துக்கு ஐஸ், இருபது நிமிஷம் வைத்து இருபது நிமிஷம் எடுத்து. ஒரு நாள் கழிந்தபின் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு. கொப்பளிக்காமல் தலையைச் சாய்த்து வழியவிட வேண்டும். ஆச்சி கிராம்புத் தைலத்தோடு வந்தால் மெதுவாக வாங்கி வைத்துவிடு, பச்சைப் புண்ணை அது சுட்டுவிடும்.

முதல் நாள் ஆறிய பால், மோர். அப்புறம் தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த சாதம், ஆறிய உளுந்துக் கும்மாயம். மிளகுக் காரம் ஒரு வாரம் வேண்டாம். மணகோலம், சீப்புச்சீடை மாதிரி மொறுமொறுப்பான பலகாரமெல்லாம் குழி மூடும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம், கண்ணில் காட்டாதே. தூள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இறங்கும். வாயும் சரியாகத் திறக்காது. வலி குறைந்து வந்து, மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென்று காது வரை இழுத்தால், நாற்றமும் அடித்தால், ரத்த உறை போய்விட்டது என்று அர்த்தம். டிரை சாக்கெட் என்பார்கள். ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பயனில்லை. பல் டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே வலி தணியும். காய்ச்சலோடு வீக்கம் ஏறினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ, நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

முகூர்த்தத்துக்கு மூன்று வாரமாவது இடைவெளி விட்டுப் பல் எடுக்கத் தேதி வாங்கு. எக்ஸ்ரே எடுத்ததும் படத்தை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சொக்கலிங்கம்