கெடிலம் ஆறு விடுற மூச்சையும் கணக்குல எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டாவது படிக்கிற என் பையன் போன வாரம் கார்பன் சுழற்சின்னு ஒரு சார்ட் வரைஞ்சான், மரம், மாடு, ஃபேக்டரி புகை, கடல் எல்லாத்துக்கும் அம்புக்குறி போட்டுட்டு ஆத்த மட்டும் சும்மா ஒரு நீலக் கோடா இழுத்து விட்டிருந்தான். ஏன்டா இதுக்கு அம்புக்குறி இல்லையான்னு கேட்டா, அது வெறும் தண்ணிதானேம்மாங்கிறான். நாமளும் அப்படித்தான் நெனைச்சுட்டு இருக்கோம், அதனாலதான் இந்த லெட்டர்.

ஆறும் கார்பன் டை ஆக்சைட வெளிய விடுதுங்க, கொஞ்ச நஞ்சம் இல்ல. 2013-ல நேச்சர் இதழ்ல வந்த கணக்குப்படி உலகம் பூரா ஆறு, ஓடையில இருந்து வருஷத்துக்கு 180 கோடி டன் கார்பன் காத்துல கலக்குது, ஏரி, அணையில இருந்து இன்னொரு 30 கோடி டன். பெட்ரோலு, நிலக்கரின்னு நாம எரிச்சு விடுறது சுமார் 1,000 கோடி டன், பக்கத்துல வச்சுப் பாருங்க.

மண்ணுக்குள்ள வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுற வாயு நிலத்தடித் தண்ணியில கரைஞ்சு ஆத்துக்கு ஊறி வருது, மேல வந்து காத்து பட்டதும் கோலி சோடாவ ஒடைச்ச மாதிரி கிளம்பிடுது. தண்ணி அடிச்சுட்டு வர்ற இலை தழை, மண்ணுல இருக்குற மக்கு எல்லாத்தையும் ஆத்துலயே நுண்ணுயிர் தின்னு அதுலயும் வருது. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள்ள விட்டுட்டுப் போன சேத்த வாரிக் கொட்டுனவங்களுக்குத் தெரியும் ஒரு வெள்ளம் எவ்வளவு மண்ணத் தூக்கிட்டு வரும்னு, கார்பனும் அந்த மண்ணோடதான் பயணம் பண்ணுது.

இதெல்லாம் மரமும் பயிரும் சமீபத்துல இழுத்ததுதான் திரும்பிப் போகுதுன்னு ரொம்ப நாளா நெனைச்சாங்க. ஆனா 2025-ல வந்த ஒரு ஆய்வு, ஆறுங்க விடுறதுல பாதிக்கு மேல ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணுக்கடியிலயும் பாறையிலயும் கிடந்த பழைய கார்பன்னு காட்டியிருக்கு. பூமிக்குள்ள கிடக்குற கார்பன வெளிய எடுத்தா என்ன ஆகும்னு நெய்வேலி இருக்குற மாவட்டத்துக்காரங்களுக்குத் தனியா சொல்லணுமா?

அதுக்காக ஆறே விடுது நாம விட்டா என்னன்னு தயவுசெஞ்சு யாரும் பேசிடாதீங்க, ஆறு காலங்காலமா விட்டுட்டுத்தான் இருக்கு, அது அதோட வேலை. நாம சேக்குறதுதான் தப்பு. மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்துல கெடிலம் பாலத்துல நின்னு கீழ பாத்தா கறுப்பா நிக்குது, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தாண்டுறோம், எனக்கு அதப் பாக்குறப்பலாம் வயிறு எரியும். சாக்கடை விழ விழ நுண்ணுயிருக்குத் தீனி, ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் டை ஆக்சைட் ஏறும், ஆக்சிஜன் சுத்தமா தீந்துட்டா மீத்தேன் வரும், அது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடவிட 25 மடங்குக்கு மேல சூடாக்குற வாயு. அப்போ சாக்கடைய சுத்திகரிச்சு விடுறது கொசுப் பிரச்சினைக்கு மட்டும் இல்ல, இதுக்கும் சேத்துத்தான்.

என் வேண்டுகோள் ஒண்ணுதான். கவுத்துப் போட்ட பக்கெட் மாதிரி ஒரு பெட்டி, உள்ள ஒரு சென்சார், அத தண்ணி மேல மிதக்க விட்டா எவ்வளவு வாயு ஏறுதுன்னு அளந்துடலாம், கடலூர், புதுச்சேரி காலேஜ் பசங்களே கெடிலம், தென்பெண்ணை, சங்கராபரணின்னு ஆரம்பிக்கலாம், உங்க பேப்பர்ல அத மாசா மாசம் போடுங்க. கோடையில ஒரு தடவ போயிட்டு வந்தா பத்தாது, ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி ஓடுறப்பவும் அளக்கணும். ராத்திரியிலயும் அளக்கணும், வெயில் இல்லாதப்ப பாசி வாயுவ இழுக்காது, அதனால பகலவிட ராத்திரிதான் ஆறு ஜாஸ்தி விடும்.

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்