அக்காவுக்குக் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. இங்கே மைனஸ் 15. மிளகு ரசம் வைத்துக் குடித்தால்தான் உடம்பில் சூடு ஏறுகிறது. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் விடிவதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போட்டுவிடுகிறார். நன்றி சொன்னால் கையை மட்டும் ஆட்டுவார், பேசமாட்டார். நான் நன்றாக இருக்கிறேன்.

நீ பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தாய். கதை சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்கிறான், எழுத்தைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறான், இன்னும் அரும்பு என்கிற முதல் படியிலேயே நிற்கிறான் என்று. அவனை மக்கு என்று யாரையும் சொல்லவிடாதே, அக்கா.

நான் உதவிக்குப் போகும் வகுப்பிலும் அப்படி ஒருவன் உண்டு. இந்த மாகாணத்தில் தேவைப்படும் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். முடிந்தவரை பாடத்தை மாற்றுவதில்லை, போகும் வழியைத்தான் மாற்றுகிறார்கள். போன வாரம் தண்ணீர் ஆவியாகி மழையாகும் பாடம். அவன் வாயால் சொன்னான், நான் அப்படியே எழுதினேன். அதுதான் அவன் விடைத்தாள். ஆங்கிலம் தெரியாத புதுச் சிறுமி படம் வரைந்து, தன் மொழியிலேயே பெயர் எழுதினாள். இருவருக்கும் பாடம் புரிந்திருந்தது!

எழுத்துப் பழக, தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்கிறார்கள். தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படித்தானே? நீயும் ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலைக் கொட்டிக் கொடு. வாயால் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ப, ம, ய மூன்றையும் சேர்த்துத் தராதே, ஒன்று படிந்த பிறகு அடுத்தது. அவன் சொல்லும் கதையையே பலகையில் எழுதிக் காட்டு. தான் சொன்னதை வாசிக்கத் துணிவான். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்.

ஆற்று மணல் என்று எழுதியதும் கை ஓடவில்லை. மேட்டூரை அடைத்திருப்பார்கள், வெண்ணாறு மணலாகக் கிடக்கும். நாம் ஊற்றுத் தோண்டிய இடத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும்.

சரி, நெல் விஷயம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். நன்றாகக் காயவைத்துத் தூற்றிய பிறகே கொண்டுபோகத் தம்பியிடம் சொல். தார்ப்பாய்க்கு நான் அனுப்புகிறேன். இந்த மாதம் வேலைக்குக் கூப்பிட்ட நாள் குறைச்சல், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

பாகப் பத்திரத்தில் சித்தப்பா கையெழுத்துக் கேட்டால், நான் வரும்வரை தம்பி எதிலும் போடவேண்டாம். அறுவடைக்கு முன்னால் தெளித்த உளுந்து முளைத்துவிட்டதா? அது கை கொடுத்தால் அம்மா சங்கிலியை முதலில் திருப்பிவிடுங்கள். வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

உன் தங்கை