இரவு முழுக்கக் காலியாக நிற்கும் தொட்டி: லாயப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லாயம் நடத்துபவர்களுக்கும் அங்கே தீவனப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலர் குதிரைகளை உயிராக வைத்திருப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை மனம்விட்டு எழுதுகிறேன். நான் பார்த்த லாயங்களில் பாதிக்கு மேல் நடப்பது இதுதான்: சாயங்காலம் ஆறு மணிக்குப் புல் போடுகிறோம். ஒன்பது மணிக்குள் அது தீர்ந்துவிடுகிறது. அடுத்த புல் காலை ஆறு மணிக்கு. நடுவே ஒன்பது மணி நேரம் அந்த வயிறு காலியாகக் கிடக்கிறது.

நமக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் வயிற்று அமிலம் அதிகமாகச் சுரக்கும். குதிரைக்கு அது இரவு பகல் ஓயாமல் சுரக்கிறது. மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம்கூட மேயும் பிராணி அது. உடம்பும் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கிறது. அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். ஆனால் மென்றால்தான் குதிரைக்கு உமிழ்நீர் ஊறும். வாய் அசையாவிட்டால் அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்புப் படலமும் கிடையாது. அங்கேதான் புண் வருகிறது.

ஒரு பெண் குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருந்த அறைக்கதவின் மேல்விளிம்பு பல் பட்டுப் பட்டுத் தேய்ந்து, கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. கெட்ட பழக்கம் என்று சொல்லிக் கசப்பு மருந்து தடவிப் பார்த்தார்கள். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு லாயத்துக்குள் போனேன். மற்ற குதிரைகள் தரையில் சிதறிய துரும்புகளை உதட்டால் துழாவிக்கொண்டிருந்தன. இது கதவைக் கடித்தபடி நின்றது. அன்று முதல் இரவு பத்து மணிக்கு ஒரு வலை நிறையக் காய்ந்த புல் தொங்கவிட்டோம். கடிப்பது உடனே நின்றுவிடவில்லை, பழகிப்போயிருந்தது. ஆனால் சேணம் கட்டும்போது காதை மடித்துக் கடிக்க வரும் குணம் சில வாரங்களில் போய்விட்டது. அதை முரட்டுக் குதிரை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளுக்குக் குறைந்தது 7.5 கிலோ புல் வேண்டும். 10 கிலோ இருந்தால் நிம்மதி. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் உண்டு, ஆகவே தராசில் இன்னும் சற்றுக் கூடவே நிறுக்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்கச் சுமார் நாற்பது நிமிடம் ஆகும். அதே எடைத் தானியம் பத்து நிமிடத்தில் காலி. தானியம் அதிகம் கொடுத்துப் புல்லைக் குறைத்தால், குதிரைக்கு மெல்லும் நேரம்தான் பறிபோகிறது.

தானியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடும் வேலை செய்யும் குதிரைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது தேவைப்படும். வாரத்தில் சில நாள் மெதுவாகச் சவாரி போகும் குதிரைக்குப் பெரும்பாலும் நல்ல புல்லும் தாது உப்புக் கலவையும் போதும். கொடுப்பதானால், அந்த 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் அந்த வழியில் வரும். குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான்.

அப்புறம், அந்தக் குவளை. தயவுசெய்து குவளையால் அளக்காதீர்கள். அதே குவளையில் மக்காச்சோளம் ஓட்ஸை விட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை நிற்கும். ஒரு சாதாரணத் தொங்கு தராசு இருந்தால் போதும்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றுவதையும் விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் பழைய மூட்டை தீர்ந்ததும் அன்றைக்கே புதிய வகையை முழு அளவில் போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு குதிரை காலால் தரையைக் கீறிக்கொண்டு, விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, வியர்த்துக் கொட்ட நின்றது. மருத்துவர் இரவெல்லாம் கூடவே இருந்தார். பிழைத்துவிட்டது. பத்து நாள் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றியிருந்தால் பின்குடலில் உள்ள நுண்ணுயிர்களும் பழகியிருக்கும். புல் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும்.

மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ மிச்சமிருக்கிறது என்று குதிரைக்குப் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். சிறிதளவே உள்ளே போனாலும் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்து அதைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த புல்லையும் கொடுக்காதீர்கள், உதறி வெயிலில் போட்டு எடுத்தாலும் வேண்டாம். தண்ணீரும் உப்புக் கட்டியும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"இரவில் போட்டால் குதிரை கொழுத்துவிடுமே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். அதற்கு மெதுவாகத் தின்னவைக்கும் சின்ன ஓட்டைப் புல் வலை இருக்கிறது, புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைக்கலாம், தானியத்தை நிறுத்தலாம். பட்டினி போடுவது வழியல்ல. குண்டான மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இரவில் லாயத்தைச் சாத்துவதற்கு முன் ஒரு சுற்று போடுங்கள், ஒவ்வொரு தொட்டியிலும் விடியும்வரை மெல்லப் புல் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் முதல் ஆளாகப் போய் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அந்த நோட்டோடு உங்கள் குதிரை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

அன்புடன்,
லாயத்தில் உங்களோடு வேலை பார்த்த ஒருவர்