உன் நண்பரின் விண்ணப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நண்பருக்காக என்று நீ அனுப்பிய வேலை விண்ணப்பத்தைப் படித்துவிட்டேன். போனில் பெரிதாக்கிப் படிக்க எனக்குத் தோதுப்படவில்லை, அக்காதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறேன். அவள் போட்டோ பிடித்து அனுப்புவாள். ஆனால் எதை ஏன் மாற்றினேன் என்று சொல்லாவிட்டால், அடுத்த கம்பெனிக்கு எழுதும்போது அதே தப்பு திரும்ப வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயத்தில் குறை இல்லை. தன் வேலையைத் தெரிந்தவர் எழுதியது என்று படித்ததுமே புரிகிறது. டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, அங்கே போய் மாஸ்டர்ஸ் படித்திருக்கிறார். உன்னை மாதிரியே. பிழை முழுவதும் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில்தான்.

நீ ஸ்டுட்கார்ட் போன புதிதில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஜெர்மனில் பெயர்ச்சொல் என்றால் மேசை, பசி, தூக்கம் எதுவானாலும் முதல் எழுத்து பெரிது. 'நான்' என்ற சொல் மட்டும் வாக்கியத்தின் நடுவில் சின்ன எழுத்து. அந்த வழக்கத்தை அவர் அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்துவிட்டார். டீம், மெஷின், எக்ஸ்பீரியன்ஸ், சாலரி என்று வரிக்கு நாலு பெரிய எழுத்து. இங்கிலீஷ்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். 1787-ல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் பெயர்ச்சொல் பெரும்பாலும் பெரிய எழுத்தில்தான் இருக்கும். அப்புறம் விட்டுவிட்டார்கள். டேனிஷ்காரர்கள் 1948-ல்தான் விட்டார்கள். இன்றைய இங்கிலீஷில் ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு ஊருக்கு, ஒரு கம்பெனிக்கு என்று வைத்த பெயருக்குத்தான் பெரிய எழுத்து. கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். அடுத்த வரியில் வெறும் 'த கம்பெனி' என்று வந்தால் சி சின்னது.

பதவிப் பெயரில்தான் அவர் ரொம்பத் தடுமாறுகிறார். சீனியர் டிசைன் இன்ஜினியர் என்பதைக் கையெழுத்துக்குக் கீழே தனி வரியில் போட்டால் மூன்று சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கலாம். 'சீனியர் டிசைன் இன்ஜினியராக வேலை பார்த்தேன்' என்று வாக்கியத்துக்குள் வந்தால் எல்லாமே சின்னது. எங்கள் ஆபீஸ் கடிதங்களில் கலெக்டர், கவர்ன்மென்ட் என்று வந்தாலே பெரிய எழுத்துப் போடுவோம். அது அரசாங்க வழக்கம், அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கை தானாக அப்படிப் போகும். ஆனால் சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல் என்ற அமெரிக்க எழுத்து நடைக் கையேடு, பெயரோடு சேராமல் தனியாக வரும்போது பிரசிடென்ட் என்ற சொல்லையே சின்ன எழுத்தில்தான் எழுதச் சொல்கிறது. பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரியது.

படிப்பும் அப்படித்தான். பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங் என்று பட்டத்தின் முழுப்பெயரை எழுதினால் பியும் இயும் பெரியது, நடுவில் 'ஆஃப்' சின்னது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன் என்றால் அது பாடம், சின்ன எழுத்துப் போதும். மொழிப் பெயர் மட்டும் எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. இண்டியன், ஜெர்மன், டமில் மூன்றையும் அவர் அடைமொழியாகப் போட்ட இடத்திலெல்லாம் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார். ஜெர்மனில் அது சரியாக இருக்கலாம், இங்கிலீஷில் தப்பு. நெதர்லாந்துக் கம்பெனிக்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து. வின்டர், சம்மர் சின்னது. ஜனவரியைச் சரியாக எழுதிவிட்டு, வின்டருக்கும் பெரிய எழுத்துப் போட்டிருக்கிறார்.

அவருடைய வேலை ஜனவரியோடு முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இப்போது ஏப்ரல். இத்தனை நாளாக என்ன செய்கிறார்? விசாவுக்கு எவ்வளவு காலம் கொடுப்பார்கள்? அவருடைய அம்மாவுக்குத் தெரியுமா? நீ போன மாதம்கூட மீட்டிங் இருக்கிறது என்று பாதிப் பேச்சில் போனை வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோ வேண்டாம் என்கிறாய். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடுகிறாயா?

'நான்' என்பதற்கான ஐ எழுத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், கடைசியில் வந்தாலும் பெரிய எழுத்து. கையால் எழுதிய காலத்தில் ஒற்றை எழுத்தாக, சின்னதாக நின்றால் பக்கத்துச் சொல்லோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும் என்றுதான் அதை நீட்டி எழுத ஆரம்பித்தார்களாம். மீ, மை எல்லாம் சின்னதாகவே இருந்துவிட்டன. உனக்கு ஏழாம் வகுப்பில் இந்தத் தப்புக்காகவே நோட்டு நோட்டாக எழுத வைத்தேன். பத்தாவதிலும் எழுதினாய். மேலே ஒரு புள்ளி வைத்து, சின்னதாக. இந்த விண்ணப்பத்தில் முதல் பக்கம் முழுவதும் அதே ஐ இருக்கிறது. ஒன்று விடாமல் திருத்தியிருக்கிறேன். இனிமேல் அது பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்.

கடைசிப் பத்தியில், அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். 'மை மதர்' என்று வரும்போது எம் சின்னது. மை, யுவர் எதுவும் இல்லாமல் அவளையே மதர் என்று கூப்பிட்டால் பெரியது. ஆனால் அந்த வரியையே எடுத்துவிடச் சொல். வேலை கொடுப்பவருக்கு அது தேவையில்லை. அந்த அம்மாவுக்கும் பென்ஷன் ஒழுங்காக வருகிறது, மாடி கட்டிய கடனும் அடைந்துவிட்டது. அதனால் இந்த மாதம் நீ பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். சித்தப்பா விஷயத்தில் அப்பா எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்ன ஆனார் என்று உனக்குத் தெரியும். எனக்கு ராத்திரி தூக்கம் குறைவு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: டியர் சர் என்று தொடங்கினால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று முடிக்க வேண்டும், பெயர் சொல்லித் தொடங்கினால் யுவர்ஸ் சின்சியர்லி. இரண்டிலும் ஒய் மட்டும்தான் பெரியது. அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒருமுறை அனுப்பு.