இன்னும் 3,23,000 ரூபா குறையுது, ஆவணி ஒண்ணாந்தேதி கெடு

ஊர்ல இருக்குறவங்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய்னு பொழைக்கப் போன நம்ம சொந்தங்களுக்கும் வெண்ணாத்துக் கரை அஞ்சு ஊர் கமிட்டியோட வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறோம். கேன்சர் வந்தவங்கள தஞ்சாவூருக்கு தினம் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர 13 சீட் பழைய வேன் ஒண்ணு பேசி 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துருக்கோம், ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள மீதிய கட்டலன்னா வேற பார்ட்டிக்கு வித்துடுவேன்னு ஓனர் கறாரா சொல்லிட்டாரு. அவரையும் குறை சொல்ல முடியாது, ஏற்கனவே ரெண்டு தடவை நமக்காக கெடுவ தள்ளி வச்சவரு.

"பெரியாஸ்பத்திரில எல்லாம் ஃப்ரீ தானே, அப்புறம் எதுக்கு வசூல்"னு நிறைய பேர் கேக்குறீங்க. ஃப்ரீதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் பாக்குறாங்க, அதையும் இல்லேங்கல. ஆனா கரண்ட் வைக்கிறதுன்னா, அதான் கதிர்வீச்சு சிகிச்சை, ஒரு நாள் வேலையா? கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு வாரத்துக்கு அஞ்சு நாள்னு அஞ்சு வாரம் போல போகணும். கரண்ட் வைக்கிறது சில நிமிஷம், போக வர ஒரு பகல். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுதான், ஆனா நமக்கு ரெண்டு பஸ் மாறணும், அடிவயித்துல கரண்ட் வச்சா வயித்தால போகும், எப்ப போகும்னு சொல்ல முடியாது.

மேலத்தெரு அக்கா ஒருத்தவங்க, பேர் வேணாம், பதினோராவது நாள் திரும்பி வரும்போது பஸ்லயே அப்படி ஆயிடுச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். பாதி வழியில இறங்கி, வாய்க்கால்ல சேலைய அலசிக்கிட்டு, ஈரத்தோட நாலு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்துருக்காங்க. மறுநாள்ல இருந்து போகல. கார் வச்சுப் போகலாம்னா ஒரு தடவைக்கு 2,200 ரூபா, இருந்த ஒரு மாட்டையும் ஏற்கனவே வித்தாச்சு. பாதியில நிறுத்துனா நோய் அடங்காதுன்னு டாக்டரம்மா வீடு தேடி வந்து சொன்னாங்க, அந்த அக்கா தலைய குனிஞ்சுகிட்டே உக்காந்திருந்தாங்களே தவிர வாயத் தொறக்கல. பங்குனியில போய்ச் சேந்துட்டாங்க. அதே பங்குனியில நாம தேருக்கு வீடு வீடா வசூல் பண்ணிட்டு இருந்தோம். தேர் ஓடணும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்த வசூல் நோட்டோட அவங்க வீட்டு வாசல்ல நாங்களும்தான் நின்னோம், அந்த நெனப்பு எங்களுக்கு இன்னும் போகல.

நம்ம மண்ணு நோயாளிய நடக்க விட்ட மண்ணு இல்லைங்க. சரபோஜி மகாராஜா காலத்துல ராமேஸ்வரம் போற வழியெல்லாம் சத்திரம் இருந்துச்சு, ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் இன்னைக்கும் நிக்குது, போய்ப் பாருங்க. வழியில நோய்ல விழுந்தவங்களுக்கு வைத்தியம் பாத்து, தேறுனப்புறம்தான் அனுப்புவாங்க. தஞ்சாவூர் அரண்மனையில தன்வந்திரி மஹால்னே ஒண்ணு வச்சு மருந்து ஆராய்ச்சி பண்ணுன ராஜா அவரு. இந்தப் பக்கம் புதுக்கோட்டையில பொறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா, கூடப்பொறந்த தங்கச்சிய கேன்சருக்கு பறிகொடுத்துட்டு, ஊர் ஊரா கையேந்தி 1954ல அடையாறுல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி தொறந்தாங்க. அடுத்த வருஷம் அங்க வந்து சேந்த டாக்டர் சாந்தா அம்மா 2021ல கண்ண மூடுற வரைக்கும் அங்கேயே கெடந்தாங்க. அந்த ஆஸ்பத்திரியும் நன்கொடையிலதான் எழும்புச்சு, அதனால கையேந்துறதுல எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்ல.

இப்ப நமக்கும் டாக்டருங்க கெடச்சிருக்காங்க. டவுன்லேர்ந்து ஒரு டாக்டரம்மா, ஒரு சர்ஜன், ஒரு பல் டாக்டர், ரிட்டயர்டு நர்ஸ் ரெண்டு பேர், மாசத்துல ரெண்டாவது ஞாயிறு பழைய சாவடியில வந்து ஒத்த பைசா வாங்காம பாக்குறாங்க. கர்ப்பப்பை வாய்க்கு பெரிய மிஷின்லாம் தேவையில்ல, அசிட்டிக் ஆசிட்னு வினிகர் மாதிரி ஒரு தண்ணிய தடவி ஒரு நிமிஷம் விட்டுப் பாக்குறாங்க, கோளாறு இருக்குற எடம் வெள்ளையா தெரியும். எல்லா வெள்ளையும் கேன்சர் இல்ல, ஆனா அப்பவே பாத்து சரி பண்ணிட்டா கேன்சராவே மாறாது. திண்டுக்கல் மாவட்ட கிராமங்கள்ல இதே டெஸ்ட்ட பண்ணிப் பாத்து, இந்த நோயால சாவுறது 35 சதவீதம் கொறஞ்சதுன்னு 2007லயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்தாச்சு. 30 வயசு தாண்டுன பொம்பளைங்க வெக்கப்படாம வரணும்.

போன தடவை ஒரு அப்பாயி வந்தாங்க, நடவு வயல்லேர்ந்து நேரா, கால் நகத்துல சேறு காயல. பல் டாக்டர் டார்ச் அடிச்சு வாயத் தொறக்கச் சொன்னாரு, எடது கன்னத்துக்குள்ள பாலாடை ஒட்டுன மாதிரி வெள்ளையா இருந்துச்சு, ராத்திரி பொகையில அடக்கிட்டுப் படுக்குற எடம் அதுதான். சதை எடுத்து டெஸ்ட் பண்ணுனதுல கேன்சர் இல்லன்னு வந்துச்சு, ஆனா விட்டிருந்தா ஆயிருக்கலாம்னாரு. அப்பாயி சுருக்குப்பைய அவுத்து பொகையிலய மேஜையில கொட்டிட்டு, அடியில மடிச்சு வச்சிருந்த 200 ரூபாய எடுத்து "வண்டிக்கு வச்சுக்கங்கய்யா"ன்னாங்க. மாடி வீடு கட்டி கார் நிறுத்தியிருக்குற சிலர் நாலு தடவை கூப்பிட்டும் ஃபோன் எடுக்கல, அவங்க பேர நாங்க எழுத மாட்டோம், அவங்களுக்கே தெரியும்.

கணக்கு இதுதான். வேன் 6,50,000. டயரு, எஃப்சி, இன்சூரன்ஸ், உள்ள ஒரு ஆள் படுத்து வர்ற மாதிரி சீட்ட மாத்துறது 60,000. சாவடிக்கு கூரை, தடுப்புச் சுவரு, தண்ணியோட ஒரு கக்கூஸ் 1,85,000, இதுவும் ஐப்பசி மழைக்கு முன்னாடி முடியணும், இப்ப பொம்பளைங்கள சேலையால மறைச்சு வச்சுத்தான் பாக்குறாங்க. மொத்தம் 8,95,000. அந்த அட்வான்ஸும் சேத்து வந்தது 5,72,000. அதுபோக டீசலும் டிரைவர் சம்பளமும் மாசம் 30,000 ஆகும், 60 வீடு மாசம் 500 கொடுத்தா ஓடிடும், 41 வீடு ஒத்துக்கிட்டாங்க, இன்னும் 19 வீடு வேணும்.

இதுவரை கொடுத்தவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. திருவிழா வாணவேடிக்கைய நிறுத்திட்டு 50,000 கொடுத்த கோயில் கமிட்டி, நோன்பு மாசத்துல ஒரே வாரத்துல 42,000 சேத்துக் கொடுத்த ஜமாத் பெரியவங்க, சர்ச் இளைஞருங்க, சிங்கப்பூர்ல ஓவர்டைம் பாத்து அனுப்புன நம்ம பசங்க, அறுவடை முடிஞ்சதும் களத்துலேர்ந்தே ரெண்டு மூட்டை நெல்லு எறக்குன விவசாயிங்க, கேம்ப் அன்னைக்கு டாக்டருங்களுக்கு காசு வாங்காம டீ ஊத்துற கடைக்காரர், 2018 கஜா புயல்ல 80 தென்னைய பறிகொடுத்தும் 10,000 கொண்டாந்து கொடுத்த அண்ணன். கஜாவுக்கு எந்த ஊர்க்காரங்களோ நமக்கு அரிசியும் மெழுகுவத்தியும் கொண்டாந்து கொடுத்தாங்க, அந்தக் கடன் நம்ம மேல இருக்கு.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மிளகும் உப்பும் போடணும்னு வேண்டியிருக்கீங்களா, போயிட்டு வாங்க, நாங்களும் போறோம். அந்த வைத்தியநாத சுவாமி புண்ணியத்துலதான் இந்த டாக்டருங்க நம்ம ஊரு தேடி வந்ததுன்னு நாங்க நம்புறோம். அப்படியே வண்டிக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க.

பணம் கமிட்டி பேர்ல இருக்குற பேங்க் கணக்குக்கு மட்டும்தான், மூணு பேர் கையெழுத்து இல்லாம ஒத்த ரூபா எடுக்க முடியாது. வரவு செலவு மாசாமாசம் கோயில் வாசல் போர்டுல ஒட்டுறோம். வரி விலக்கு இன்னும் வாங்கல, ரசீது உண்டு. வெளியூர்ல இருக்குறவங்க உங்க வீட்டுல சொல்லி கணக்கு நம்பர் வாங்கிக்கங்க. உள்ளூர்ல இந்த ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிலேர்ந்து கீழத்தெருவுல ஆரம்பிச்சு நோட்டோட வர்றோம், வயலுக்குப் போறவங்க வீட்டுல கொடுத்து வச்சுட்டுப் போங்க.