டேபிள் ரோல் வேண்டாம், துடைக்கும் கூலி தருகிறோம்

வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துப் பரிமாற வரும் கேட்டரிங் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். உங்கள் வத்தக்குழம்பில் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. இலைக்கு அடியில் விரிக்கிறீர்களே, அந்த டேபிள் ரோலைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள். மொட்டை மாடியில் பந்தல், எழுபது பேருக்குச் சாப்பாடு. முதல் பந்தி எழுந்ததும் பரிமாறிய தம்பி மேசையின் ஒரு முனையில் நின்று இலை, எச்சில், தண்ணீர் டம்ளர் எல்லாவற்றையும் ரோலோடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கறுப்புப் பையில் தள்ளினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெருப் பால்காரர் மாட்டுக்கு இலை கேட்டிருந்தார். சாயங்காலம் வந்து பையைப் பிரித்துப் பார்த்தவர், "இப்படி வேண்டாம்மா, மாட்டு வயித்துல இதுவும் போயிடும்" என்று வெறுங்கையோடு திரும்பினார். எழுபது வாழையிலையும் அன்றைக்குக் குப்பைதான்.

"பேப்பர்தானேக்கா" என்றார் அந்தத் தம்பி. மிச்சமிருந்த ரோலின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன். தாள் கிழிந்தது, அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் கிழியாமல் ஜவ்வாக இழுபட்டது.

தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும்கூட உண்டு. கடையில் கேரி பேக் கொடுத்தால் முறைக்கிற நாம், பந்தியில் இதன்மேல் கைவைத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

உங்கள் அவசரம் தெரியாமல் இல்லை. சாப்பிடுகிறவர் மோர் சாதத்துக்கு வரும் முன்பே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கிற ஊர் இது. சரி, அப்படியானால் துணி விரிக்கலாமே என்பார்கள். நானும் விரித்துப் பார்த்தேன். இலை போட்ட பந்திக்குத் துணி ஒத்துவராது. தண்ணீர் தெளிக்கும்போதே பாதி நனையும், ரசம் ஓடினால் மீதியும் போகும். நாலு பந்திக்கு நாலு துணி துவைப்பதென்றால், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் கட்டுப்படியாகாது.

துணிக்கு இடம் தினசரிச் சாப்பாட்டு மேசை. எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை வெட்டி இரண்டு விரிப்பாக ஓரம் தைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு துவையல். சாம்பார் கறையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் குணம். நன்றாக அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். விருந்தாளி வந்தால் கரூர்க் கட்டம் போட்ட விரிப்பு. (கரூர் மேசை விரிப்புகள் கப்பலேறி வெளிநாட்டு வீடுகளுக்குப் போகின்றன. நாமோ ரோல் வாங்குகிறோம்!)

பந்திக்கு எதுவுமே விரிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இலையே விரிப்புதானே? வெறும் மேசை, இரண்டு ஈரத்துணி, ஒரு பக்கெட் தண்ணீர் போதும். இலையைத் தனியாக மடித்து எடுத்தால் மாட்டுக்கும் போகும், உரக்குழிக்கும் போகும். ஒரு பந்திக்கு ஐந்து நிமிஷம் கூடும். அதற்குள் வந்தவர்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

தை மாதம் பேத்திக்குக் காதுகுத்து, அறுபது பேர் வருவார்கள். எஸ்டிமேட் எழுதும்போது ரோல் கணக்கை அடித்துவிட்டு, மேசை துடைக்கிற தம்பிக்குத் தனிக் கூலி எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள். அதில் பேரம் பேச மாட்டேன். அப்பளத்துக்கு வேண்டுமானால் பேசுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பந்தியில் பலமுறை உட்கார்ந்த ஒருத்தி